மணமுள்ள சிவப்புக் கொடி ரோஜா: வாசகர் கேள்வி - பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல, வெவ்வேறு ஊர்களிலிருந்து ஒரே ஆசையைச் சொல்கின்றன. வாசலிலோ சுவரிலோ ஏறிப் படர வேண்டும், கருஞ்சிவப்பாகப் பூக்க வேண்டும், அந்தப் பூவுக்கு மணமும் இருக்க வேண்டும். அவற்றுள் ஐந்து கடிதங்களை எடுத்துக்கொண்டு இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டு முன்வாசல் தூண் 9 அடி உயரம். அதை ஒட்டிக் கிழக்கு நோக்கிய சுவர் ஒன்று ஏறத்தாழ 18 அடி நீளத்துக்குச் செல்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் நர்சரியில் சிவப்புக் கொடி ரோஜா என்று கேட்டு வாங்கி, தூணுக்கு அருகில் நட்டேன். கோடையில் இலை தெரியாத அளவுக்குப் பூக்கிறது. ஆனால் முகர்ந்து பார்த்தால் மணமே இல்லை. சன்னலைத் திறந்தால் ரோஜா மணம் உள்ளே வர வேண்டும் என்பது என் மாமியாரின் நெடுநாள் ஆசை. எந்த வகையை நட்டால் அது நிறைவேறும்?
- வாசகி, கோத்தகிரி

பதில்: உங்கள் செடியிலோ நீங்கள் வளர்த்த முறையிலோ குறை ஒன்றும் இல்லை. மணமில்லாமை அந்த வகையின் பிறவிக் குணம். கொத்துக் கொத்தாகப் பூத்துச் சுவரை மூடும் சிவப்புக் கொடி ரோஜாக்களில் பெரும்பாலானவை, தொலைவிலிருந்து பார்ப்பதற்காகவே உருவாக்கப்பட்டவை. இங்கிலாந்தில் வில்லியம் பால் நிறுவனம் உருவாக்கி முதல் உலகப்போர்க் காலத்தில் வெளியிட்ட ‘பால்ஸ் ஸ்கார்லெட் கிளைம்பர்’, 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வெளிவந்த ‘பிளேஸ்’, நியூசிலாந்தில் சாம் மெக்ரெடி 1970-களில் அளித்த ‘டப்ளின் பே’ ஆகிய மூன்றும் உலகெங்கும் புகழ்பெற்றவை. மூன்றிலும் மணம் மிகக் குறைவு. நிறத்துக்கும் நோய் தாங்கும் திறனுக்கும் ‘டப்ளின் பே’யை நான் மனமுவந்து பரிந்துரைப்பேன், ஆனால் உங்கள் மாமியாரின் சன்னலுக்கு அது உரியதன்று.

மணமுள்ள சிவப்பைத் தேடும்போது முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அத்தகைய கொடி ரோஜாக்களில் பல, கொடியாகப் பிறந்தவை அல்ல. புதர் ரோஜாவாகப் பல ஆண்டுகள் வளர்ந்துவந்த ஒரு வகையில், ஏதோ ஒரு செடியின் ஒரு கிளை மட்டும் திடீரென்று நீண்டு வளரத் தொடங்கும். தோட்டக்காரர் அந்தக் கிளையின் கண்ணை எடுத்து ஒட்டுக் கட்டிப் பெருக்கினால், அதே பூவுடன் கொடி வடிவம் ஒன்று கிடைத்துவிடும். இது எவ்வாறு நேர்கிறது என்பதை 2012-இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று விளக்கியது. ஆண்டு முழுவதும் பூக்கும் புதர் ரோஜாவில், பூப்பதைத் தடுத்துக் கிளையை நீளவிடும் மரபணு ஒன்று, இடையில் புகுந்துகொண்ட டி.என்.ஏ. துண்டு ஒன்றினால் செயலிழந்து கிடக்கிறது. அத்துண்டின் பெரும்பகுதி விலகிவிடும் கிளையில் அந்த மரபணு ஓரளவு உயிர்பெறுகிறது. கிளை நீள்கிறது, பூக்கும் முறைகள் குறைகின்றன. ஆகவே இத்தகைய கொடிகள் ஆண்டுக்கு ஒரு முறை அள்ளிக்கொடுத்துவிட்டு, மற்ற மாதங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூப்பது இயல்பு. அதைக் குறையென்று எண்ணி உரத்தை அள்ளிப் போட வேண்டாம்.

உங்கள் 18 அடிச் சுவருக்கு நான் முதலில் சொல்வது ‘எத்வால் டி ஹாலண்ட்’ ரோஜாவின் கொடி வடிவத்தை. நெதர்லாந்தில் வெர்ஷூரன் நிறுவனம் 1919-இல் புதர் ரோஜாவாக அளித்த இது, 1931-இல் கொடியாகவும் கிடைத்தது. வெல்வெட்டுத் துணி போன்ற ஒளிர்சிவப்பு. பழைய ரோஜாக்களுக்கு உரிய கனிந்த மணம். காலையில் ஒரு பூவை அறையில் வைத்தால் மாலைவரை அறை முழுவதும் தெரியும். இதற்கு இணையாகச் சொல்லக்கூடியது, ஜெர்மனியின் கோர்டஸ் 1935-இல் வெளியிட்ட ‘கிரிம்சன் குளோரி’. மணத்துக்காக அமெரிக்க ரோஜாச் சங்கம் ஏற்படுத்திய கேம்பிள் விருது 1961-இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றது இந்த ரோஜாதான். அதன் நிறம் இன்னும் ஆழமானது. பூ முதிர முதிர ஊதா கலந்துவரும். சிலருக்கு அந்த ஊதா பிடிப்பதில்லை. எனக்கு அது பட்டுப்புடவையின் இரட்டைச் சாயம் போல மிகவும் பிடிக்கும். ஆனால் கோத்தகிரியின் ஈரமும் மூடுபனியும் சேரும் மாதங்களில் ‘கிரிம்சன் குளோரி’ சாம்பல் நோய்க்கு எளிதில் இடம்கொடுத்துவிடும் என்பதால், உங்கள் இடத்துக்கு அதை இரண்டாவதாகவே வைக்கிறேன்.

இவ்விரண்டின் மீதும் பழைய புத்தகங்கள் சுமத்தும் ஒரு குற்றச்சாட்டு உண்டு. பூக்காம்பு மெலிந்தது, பூ தலைகவிழ்ந்து தொங்கும் என்பதே அது. புதர் ரோஜாவில் இது குறைதான். மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும் பூவை யார் குனிந்து நிமிர்த்திப் பார்ப்பார்கள்? ஆனால் தலைக்கு மேலே சுவரிலோ வளைவிலோ பூக்கும்போது, அண்ணாந்து பார்ப்பவரின் முகத்துக்கு நேராகவே அந்தப் பூ முகம் காட்டும். 1946-இல் வெளிவந்த ‘ஏனா ஹார்க்னஸ்’ என்ற மணமுள்ள சிவப்பு ரோஜாவும் இதே காரணத்தால் புதரில் ஏச்சு வாங்கி, கொடி வடிவத்தில் புகழ்பெற்றது. காம்பு விறைத்து நிற்கும் ரோஜா கொடியில் பூத்தால் வானம்தான் அதைப் பார்க்கும். கீழே நிற்கும் நமக்குப் புல்லிவட்டம்தான் தெரியும்.

தூணுக்கு வேறு ஒன்று வேண்டும். 15 அடி ஏறக்கூடிய கொடியை 9 அடித் தூணில் கட்டிவைத்து ஆண்டுதோறும் வெட்டிக்கொண்டிருப்பது செடிக்கும் துன்பம், உங்களுக்கும் துன்பம். இத்தாலியரான மாலன்ட்ரோனே உருவாக்கி 1958-இல் வெளிவந்த ‘டான் ஜுவான்’ இதற்குப் பொருத்தமானது. இது புதரிலிருந்து கிளைத்த கொடியன்று, கொடியாகவே உருவாக்கப்பட்டது. 8 முதல் 10 அடிக்குள் நின்றுவிடும், தடித்த, கருமை தோய்ந்த சிவப்பு இதழ்கள், நல்ல மணம், ஒரு முறை பூத்து ஓய்ந்ததும் சில வாரங்களில் மறுபடியும் மொட்டுக் கட்டும். கடும் உறைபனியை இது விரும்புவதில்லை. உதகையின் தாழ்வான பள்ளங்களில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் விழும் உறைபனி இதன் நுனிகளைக் கருக்கக்கூடும். தூணை ஒட்டிய உங்கள் வாசலில் அந்த அச்சம் குறைவு.

வாங்கும்போது இரண்டு செய்திகளில் கண்டிப்பாக இருங்கள். ‘எத்வால் டி ஹாலண்ட்’, ‘கிரிம்சன் குளோரி’ ஆகியவை இரண்டு வடிவங்களிலும் உள்ளவை என்பதால், கொடி வடிவமா என்பதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். நான் ஒரு முறை இதைக் கேட்காமல் ‘கிரிம்சன் குளோரி’ என்ற பெயர்ச்சீட்டை மட்டும் நம்பி வாங்கி, கம்பிப் பந்தலும் போட்டு, மூன்று ஆண்டுகள் காத்திருந்தேன். செடி நான்கு அடியைத் தாண்டவே இல்லை. அது புதர் வடிவம் என்பது அப்போதுதான் விளங்கியது. பூவின் மணத்துக்காக அதைப் பிடுங்க மனம் வரவில்லை, ஆனால் பந்தல் வெறுமையாகவே நின்றது. இரண்டாவது, பூவை முகர்ந்து பார்க்காமல் வாங்காதீர்கள். அதற்கும் நேரம் உண்டு. அதிகாலைக் குளிரில் மணம் இதழுக்குள் அடங்கிக் கிடக்கும். நண்பகல் வெயிலில் ஆவியாகிப் போயிருக்கும். பனி உலர்ந்து இளவெயில் ஏறும் காலை வேளையில், பாதி விரிந்த பூவை முகர்ந்தால்தான் உண்மை தெரியும். உங்களுக்கு உதகை அருகில்தான். 1995-இல் நூறாவது மலர்க்காட்சியின் நினைவாக எல்க் மலைச் சரிவில் தொடங்கப்பட்ட அரசு ரோஜாப் பூங்காவில் ஒரு காலைப் பொழுதைச் செலவிடுங்கள். எந்தச் சிவப்பு மணக்கிறது, எது மலைக்காற்றில் இலை கொட்டாமல் நிற்கிறது என்பதைப் பெயர்ப்பலகையுடன் சேர்த்து ஒரே சுற்றில் அறிந்துகொள்ளலாம். மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். மணத்தைப் பொறுத்தவரை ஒருவர் மூக்குக்குப் பிடித்தது மற்றவர் மூக்குக்குப் பிடிப்பதில்லை.

நடுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீலகிரி மண் அமிலத்தன்மை மிகுந்தது, தேயிலைக்கு ஏற்றது. ரோஜா அமில கார நிலை 6 முதல் 6.5 வரை இருப்பதை விரும்பும். ஆகவே தேயிலைக்காரர்கள் இடும் டோலமைட் சுண்ணாம்பை, மண்ணைச் சோதித்து அதற்கேற்ற அளவில் குழி மண்ணில் கலந்து சில வாரம் விட்டுப் பின்னர் நடுங்கள். சுவரடியில் ஒட்டி நட வேண்டாம். ஒன்றரை அடி தள்ளி நட்டு, கிளைகளைச் சுவரை நோக்கிச் சாய்த்துவிடுங்கள். கம்பிகளையும் சுவரிலிருந்து கையளவு விலக்கிக் கட்டினால் இலைகளுக்குப் பின்னால் காற்று ஓடும், சாம்பல் நோயும் குறையும். இப்போதுள்ள மணமற்ற கொடியைப் பிடுங்குவதாக இருந்தால், அதே குழியில் புதிய ரோஜாவை நடாமல் சில அடிகள் தள்ளி நடுங்கள். ரோஜா இருந்த மண்ணில் புதிய ரோஜா தேறுவது கடினம்.

கேள்வி: பூக்கடையில் கிடைக்கும் நீண்ட காம்புள்ள சிவப்பு ரோஜாக்களுக்கு ஏன் மணமில்லை? சிவப்பு நிறத்துக்கும் மணத்துக்கும் ஆகாது என்று என் ஆசிரியை சொல்கிறார். அது உண்மையா?
- கல்லூரி மாணவி, சேலம்

பதில்: நிறம் மணத்தைத் தடுப்பதில்லை. இதற்கு மிக அழகான சான்று ஒன்று இருக்கிறது. 2015-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், ரோஜா தன் மணத்தை எவ்வாறு உருவாக்குகிறது என்பதை அறிய இரண்டு ரோஜாக்களை அருகருகே வைத்து ஒப்பிட்டார்கள். ஒன்று ‘பாப்பா மெய்யான்’, மற்றொன்று ‘ரூஜ் மெய்யான்’. இரண்டும் சிவப்பு. முதலாவது உலகின் மணமிக்க ரோஜாக்களுள் ஒன்று. இரண்டாவதில் ஏறக்குறைய மணமே இல்லை. மணமுள்ள ரோஜாவின் இதழில் ஒரு குறிப்பிட்ட நொதி மும்முரமாக வேலை செய்து, ஜெரானியால் என்ற மணப்பொருள் உருவாக வழிசெய்வதையும், மணமற்றதில் அந்த நொதிக்கான மரபணு அடங்கிக் கிடப்பதையும் கண்டார்கள். சிவப்பைத் தருபவை ஆந்தோசயனின் நிறமிகள். அவை உருவாகும் வழி வேறு, இந்த மணம் உருவாகும் வழி வேறு.

எனினும் உங்கள் ஆசிரியையின் சொல்லில் வரலாற்று உண்மை ஒன்று உண்டு. ஐரோப்பாவின் பழைய ரோஜாக்களில் மணம் இருந்தது. ஆனால் மங்காத கருஞ்சிவப்பும் ஆண்டு முழுவதும் பூக்கும் குணமும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், கிழக்கிந்தியக் கம்பெனியுடன் தொடர்புடைய கில்பர்ட் ஸ்லேட்டர் வழியாக இங்கிலாந்துக்குச் சென்ற சீனத்துச் செந்நிற ரோஜாவில் அவ்விரண்டும் இருந்தன, மணம்தான் குறைவு. இரு குலங்களையும் இணைத்துச் சிவப்பையும் மணத்தையும் ஒரே பூவில் சேர்ப்பதற்கு இரண்டு தலைமுறை உழைப்பு தேவைப்பட்டது. 1853-இல் பிரான்சில் வெளிவந்த ‘ஜெனரல் ஜாக்மினோ’ அந்த உழைப்பின் பெரும் வெற்றி. இன்றைய சிவப்பு ரோஜாக்களில் மிகப் பலவற்றின் முன்னோர் பட்டியலில் அது இருக்கிறது.

பூக்கடை ரோஜாவைத் தேர்ந்தெடுப்பவர்கள் நீண்ட காம்பையும், பெட்டியில் அடைத்து அனுப்பினாலும் நசுங்காத தடித்த இதழையும், குடுவையில் பல நாள் நிற்கும் உறுதியையும் பார்த்துத் தேர்ந்தார்கள். மணத்தை யாரும் கேட்கவில்லை, அதனால் அது நழுவிப்போயிற்று. ‘கிறைஸ்லர் இம்பீரியல்’, ‘சார்ல்ஸ் மாலரின்’ என்ற இரு ரோஜாக்களை இணைத்ததில் ‘பாப்பா மெய்யான்’, ‘மிஸ்டர் லிங்கன்’, ‘ஓக்லஹோமா’ ஆகிய மூன்று கருஞ்சிவப்பு ரோஜாக்கள் 1960-களில் பிறந்தன. மூன்றும் மணத்துக்குப் பெயர்பெற்றவை, மூன்றுக்கும் கொடி வடிவமும் உண்டு. தோட்டத்தில் ஒரு கொடி ரோஜாவுக்கு இடமிருந்தால் இவற்றுள் ஒன்றைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் மாடித் தோட்டத்தில் 16 அங்குலத் தொட்டிகளில் பல ரோஜாக்கள் வளர்க்கிறேன். மாடிப்படி அறையின் சுவரில் மணமுள்ள சிவப்புக் கொடி ரோஜாவைப் படரவிட விரும்புகிறேன். மதுரை வெயிலில் இது முடியுமா? முடியாது என்றாலும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.
- வாசகர், மதுரை

பதில்: முடியும், ஐயா, ஆனால் மலையில் கிடைப்பதில் பாதிதான் கிடைக்கும். அதை அறிந்துகொண்டு தொடங்கினால் ஏமாற்றம் இராது.

வெயிலில் இரண்டு இழப்புகள் நேரும். கருஞ்சிவப்பு இதழ் வெப்பத்தை மற்ற நிறங்களைவிட அதிகமாக உறிஞ்சுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் வெயில் பட்டால் இதழின் விளிம்பு கருகி, பூ காகிதம் போலாகிவிடும். மணமோ காலை ஒன்பது மணிக்குள் கரைந்துபோகும். இதை உரம் எதுவும் மாற்றாது. கார்த்திகை முதல் மாசி வரை கிடைக்கும் பூக்களே உங்களுக்கு உண்மையான அறுவடை. கோடையில் செடியைக் காப்பாற்றினால் போதும் என்று எண்ணுங்கள். அந்த மாதங்களில் வரும் மொட்டுகளை நான் கிள்ளிவிடுவதே வழக்கம்.

வகையைப் பொறுத்தவரை, கோத்தகிரி வாசகிக்குத் தூணில் ஏற்றச் சொன்ன ‘டான் ஜுவான்’தான் உங்களுக்கும். வெப்பத்தைத் தாங்குவதிலும் தொட்டிக்குள் அடங்குவதிலும் மணமுள்ள சிவப்புக் கொடிகளில் அதுவே நம்பத்தக்கது. 16 அங்குலத் தொட்டி போதாது. 20 அங்குலத்துக்குக் குறையாத அகலமும் ஆழமும் உள்ள தொட்டி, அல்லது பாதியாக அறுத்த பிளாஸ்டிக் பேரல் வேண்டும். தொட்டியைத் தளத்தில் நேராக வைக்காமல் செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். தளத்தின் சூடு வேருக்கு ஏறாது, அடித்துளையும் அடைபடாது. இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மட்கிய தொழுஉரம், ஒரு பங்கு தேங்காய் நார்க்கழிவு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு என்ற கலவை போதுமானது. மாடிப்படி அறையின் கிழக்குச் சுவரைத் தேர்ந்தெடுங்கள். காலை முதல் நண்பகல் வரை வெயில், அதன்பின் நிழல் என்பதே இதற்கு ஏற்ற ஒழுங்கு. மேற்குச் சுவர் வேண்டவே வேண்டாம். வறண்ட மாதங்களில் இலையின் அடிப்பக்கத்தில் செஞ்சிலந்தி சேரும்; வாரத்தில் இரண்டு முறை காலையில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி தண்ணீரைப் பீய்ச்சியடித்தால் பெரும்பாலும் மருந்து தேவைப்படாது.

வெளிப்படையாகச் சொல்லக் கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் மணம்தான் உங்களுக்கு முதன்மை என்றால், நிறத்தில் சற்று விட்டுக்கொடுங்கள். நம் பூக்கடைகளில் பன்னீர் ரோஜா என்றும் எட்வர்ட் ரோஜா என்றும் விற்கப்படும் இளஞ்சிவப்பு ரோஜா, இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் வேலிச்செடியாக வளர்க்கப்பட்ட குலத்தைச் சேர்ந்தது. டமாஸ்க் ரோஜாவின் மணமும் சீன ரோஜாவின் விடாது பூக்கும் குணமும் அதில் இணைந்திருக்கின்றன. நம் வெயிலில் பல தலைமுறைகளாகத் தேறிவந்த செடி அது. அதன் நீண்ட கிளைகளை ஒடித்துவிடாமல் வளைத்துக் கட்டினால் ஆறடிக் கம்பிச் சட்டத்தை அழகாக நிறைக்கும். சுவரில் ‘டான் ஜுவான்’, அதன் காலடியில் இன்னொரு தொட்டியில் எட்வர்ட் ரோஜா என்று வைத்தால், சிவப்பு மேலேயும் மணம் கீழேயும் உங்களுக்குக் கிடைத்துவிடும்.

வெப்ப நாடுகளுக்கென்றே ரோஜா உருவாக்க வேண்டும் என்று கொடைக்கானலில் இருந்தபடி பல பத்தாண்டுகள் உழைத்த எம்.எஸ். வீரராகவன் அவர்களின் பணியை இங்கே நன்றியுடன் குறிப்பிட வேண்டும். மணிப்பூர் மலைகளில் இயற்கையாக வளரும் பெருங்கொடியான ரோசா ஜைஜான்டியாவையும், நம் நாட்டின் ஈரநிலங்களுக்கு உரிய ரோசா கிளினோஃபில்லாவையும் அவர் கலப்புக்குப் பயன்படுத்தினார். ஐரோப்பாவின் குளிருக்குப் பழகிய ரோஜாவை இங்கே கொண்டுவந்து வாட்டுவதைவிட, நம் மண்ணின் காட்டு ரோஜாவிலிருந்து தொடங்குவதே நியாயமான வழி என்று நானும் நம்புகிறேன்.

கேள்வி: ஏற்காட்டில் மூன்று ஆண்டுகளாக வளரும் எங்கள் சிவப்புக் கொடி ரோஜா 14 அடிக்கு மேல் நேராக ஏறிவிட்டது. உச்சியில் மட்டும் நான்கைந்து பூக்கள். போன ஆண்டு குட்டையாக வெட்டிவிட்டேன். இந்த ஆண்டு அந்த நான்கு பூவும் இல்லை. அடியிலிருந்து புதிதாகத் தடித்த கிளைகளும் வருகின்றன. அவற்றின் இலை வெளிறி இருக்கிறது. என்ன செய்வது?
- வாசகி, ஏற்காடு

பதில்: கிளையைக் கிடையாகச் சாய்த்துக் கட்டுங்கள், அம்மா. உங்கள் கேள்வியின் முதற்பாதிக்கு இதுவே மருந்து.

நேராக நிற்கும் கிளையில் உச்சிக் குருத்து தன் வளர்ச்சிப் பொருளைக் கீழே அனுப்பி, கீழுள்ள கண்கள் எல்லாவற்றையும் உறங்கவைத்துவிடுகிறது. அந்தக் கிளையைத் தரைக்கு இணையாக, அல்லது அதற்குச் சற்று மேலாகச் சாய்த்துக் கட்டினால் அந்த ஆதிக்கம் தளர்ந்து, கிளை நெடுகிலும் உள்ள கண்கள் விழித்துப் பக்கச் சிம்புகளாக எழும். கொடி ரோஜாவில் பெரும்பாலான பூ அந்தச் சிம்புகளில்தான். சுவரில் ஒன்றரை அடிக்கு ஒரு கம்பி இழுத்து, விசிறி விரிப்பது போல் கிளைகளைப் பிரித்துக் கட்டுங்கள். முற்றிய கிளையை ஒரே நாளில் வளைத்தால் ஒடிந்துவிடும். மழைக்குப் பின் கிளை இளகியிருக்கும்போது, வாரம் ஒரு முறை சிறிது சிறிதாகத் தாழ்த்துங்கள். கட்டுவதற்குப் பழைய பருத்தித் துணிக் கீற்றுகள் போதும். கம்பியால் கட்டினால் பட்டையை அறுத்துவிடும். தூணாக இருந்தால் படுக்கவைக்க வழியில்லை. அப்போது பாம்பு சுற்றுவது போலச் சுற்றிக் கட்டினாலும் அதே பயன் கிடைக்கும்.

குட்டையாக வெட்டியது தவறாகிவிட்டது. புதர் ரோஜாவுக்குச் செய்யும் கவாத்தைக் கொடி ரோஜாவுக்குச் செய்யக் கூடாது. முதல் இரண்டு ஆண்டுகளில் காய்ந்த குச்சியை நீக்குவதைத் தவிர வேறு வெட்டே வேண்டாம். அதன்பின் முதன்மைக் கிளைகளை விட்டுவைத்து, பூத்து ஓய்ந்த பக்கச் சிம்புகளை மட்டும் இரண்டு அல்லது மூன்று கண் விட்டு நறுக்குங்கள். மிகவும் முதிர்ந்து பட்டை தடித்த கிளை ஒன்றை மட்டும் ஆண்டுக்கு ஒன்றாக அடியோடு எடுத்துவிட்டால் இளங்கிளை அதன் இடத்துக்கு வரும். புதரிலிருந்து கிளைத்த கொடி வகைகளை வாங்கிய புதிதில் ஒட்ட வெட்டினால், அவை மீண்டும் புதராகவே திரும்பிவிடுவதும் உண்டு.

அடியில் வரும் வெளிறிய கிளைகள்தான் எனக்குக் கவலை தருகின்றன. ஏழு இலைக்கூறு இருந்தால் காட்டுச்செடி, ஐந்து இருந்தால் நல்ல செடி என்று பலரும் சொல்வார்கள். அதை நம்பி வெட்டாதீர்கள். நல்ல கொடி ரோஜாக்கள் சிலவற்றிலும் ஏழு இலைக்கூறுகள் உண்டு. மண்ணை விலக்கி, அந்தக் கிளை எங்கிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள். ஒட்டுக் கட்டிய முண்டுக்கு மேலிருந்து வந்தால் அது உங்கள் ரோஜாவின் புதுக்கிளை, பொன் போலக் காக்க வேண்டியது. முண்டுக்குக் கீழிருந்தோ வேரிலிருந்தோ வந்தால் அது வேர்ச்செடியின், அதாவது உங்கள் ரோஜாவை ஒட்டுக் கட்டிய அடிச்செடியின், குருத்து. அதைக் கத்தரியால் வெட்டினால் வெட்டிய இடத்தில் நான்காக முளைக்கும். வேரோடு சேரும் இடத்தைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்தெடுங்கள். விட்டுவைத்தால் இரண்டு ஆண்டுகளில் மேலே உள்ள சிவப்பு ரோஜா பட்டுப்போய், சிறிய வெள்ளைப் பூக்களின் கொத்துதான் உங்களுக்கு மிஞ்சும்.

கேள்வி: லண்டனில் எங்கள் வீட்டின் பின்புறத்தில் வடக்குப் பார்த்த சுவர் ஒன்றும் மேற்குப் பார்த்த சுவர் ஒன்றும் உள்ளன, இரண்டும் செங்கல் சுவர். ‘கினே’ என்ற கருஞ்சிவப்புக் கொடி ரோஜாவின் படத்தைப் பார்த்து மயங்கிவிட்டேன். எந்தச் சுவரில் வைக்கலாம்?
- வாசகி, லண்டன்

பதில்: மேற்குச் சுவரில் வையுங்கள். வடக்குச் சுவரில் நேர்வெயில் ஏறக்குறைய விழாது. கிளை வளரும், பூ வராது.

‘கினே’ பிரான்சில் மாலரின் 1930-களின் இறுதியில் வெளியிட்ட ரோஜா. அரைத்த மருதாணி உலர்ந்த பின் கையில் தெரியும் கருமையைப் போன்ற சிவப்பு அதற்கு. மணத்திலும் முன்வரிசையில் நிற்பது. ஆனால் படத்தில் தெரியாத ஒரு செய்தி உண்டு. அவ்வளவு இருண்ட பூ, செங்கல் சுவரின் முன்னால் கண்ணுக்கே தெரியாது. பத்தடி தள்ளி நின்றால் இலைக்கு நடுவே நிழல் விழுந்தது போலத்தான் இருக்கும். சுவருக்கு வெள்ளையோ வெளிர்மஞ்சளோ பூசும் எண்ணம் இருந்தால் ‘கினே’யை நடுங்கள். செங்கல்லை அப்படியே விட விரும்பினால், அதைவிட ஒளிமிக்க ‘எத்வால் டி ஹாலண்ட்’ கொடிதான் எடுப்பாக இருக்கும். வெயில் குறைந்த இடத்தையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும் வகை வேண்டுமென்றால், 1865-இல் வெளிவந்த ‘சூவனிர் டு டாக்டர் ஜமைன்’ உண்டு. கடும் வெயிலில் அதன் ஊதா கலந்த சிவப்பு வெந்து மங்கிவிடும் என்பதால் பிற்பகல் நிழலையே அது விரும்பும், முள்ளும் குறைவு.

உங்கள் ஊரில் நவம்பர் முதல் மார்ச் வரை மண்ணில்லாமல் வேரோடு மட்டும் செடி விற்பார்கள். அதுவே விலையிலும் குறைவு, தேறுவதிலும் உறுதி. நடுவதற்கு முன் இரண்டு மணி நேரம் வேரைத் தண்ணீரில் ஊறவையுங்கள். நம் ஊரில் ஒட்டு முண்டு மண்ணுக்கு மேலே தெரிய நடுவோம். குளிர் நாட்டில் அதை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் புதைத்து நட்டால் உறைபனியிலிருந்து காப்பாகும். சுவரடி மண்ணில் மழை விழாது, எப்போதும் வறண்டே இருக்கும். ஒன்றரை அடி தள்ளி நட்டு, முதல் கோடையில் வாரம் இரண்டு வாளித் தண்ணீர் தவறாமல் ஊற்றுங்கள். மேற்குச் சுவர் பிற்பகல் முழுவதும் வாங்கிய வெப்பத்தை மாலையில் வெளிவிடும்போது மணமும் உடன் எழும்; வேலைவிட்டு நீங்கள் வீடு திரும்பும் நேரமும் அதுவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.